கலட்டிக் காணியில் ஆடு வளர்ப்பு: முதலில் மண்ணை அளவுங்கள்

கேள்வி சுருக்கமாக இது. யாழ்ப்பாணத்தில் மாவிட்டபுரம் பக்கம் ஒரு ஏக்கர், அதாவது 16 பரப்பு, கனகாலம் ஆள் புழங்காமல் கிடந்த கலட்டிக் காணி, அதாவது கல்லுக்குமேல் மெல்லிய மண் உள்ள காணி. மண்வெட்டி போட்டால் ஒரு சாணில் கல். மாரியில் புல் பச்சைப்பசேல் என்று நிற்கிறது, மாசி பிறந்தால் சருகாகிறது. பத்து ஆடு விட எண்ணம். ஜேசிபி விட்டு மட்டப்படுத்தி மேலே செம்மண் பறிக்கலாமா, என்ன பசளை போடலாம், வேலியோரம் வைத்த தேசி ஏன் மஞ்சளடிக்கிறது, கிணற்றை இன்னும் ஆழமாக்கலாமா?

ஜேசிபிக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை என்றால், சொல்லாதீர்கள். காரணம் கீழே வருகிறது. அதற்கு முன் அந்த மண் அங்கே எப்படி வந்தது என்று தெரிந்திருந்தால் மற்றக் கேள்விகளில் பாதி தானாகவே தீரும்.

யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்க அடியில் இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். உங்கள் காணி இருக்கும் வலிகாமம் வடக்கில் அது மேற்பரப்புக்கு மிகக் கிட்ட வருகிறது. காங்கேசன்துறையில் 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை வந்ததே இந்தக் கல்லை நம்பித்தான். மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டை இழுத்து மெல்லிய அமிலமாகிக் கல்லைக் கரைக்கிறது. சுண்ணாம்பு தண்ணீரோடு போய்விடும். கல்லுக்குள் கிடந்த கொஞ்சக் களியும் இரும்பும் மட்டும் மிஞ்சும். அந்த இரும்பு துருவேறிய நிறந்தான் எங்கள் செம்மண்ணின் நிறம். கல்லில் நூற்றுக்கு மூன்று பங்கு கரையாத பொருள் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், ஒரு மீற்றர் கல் முழுதாகக் கரைந்தால் கையில் நிற்பது, மண் கல்லைவிட நெகிழ்வாகக் கிடப்பதால், ஐந்தாறு சென்ரிமீற்றர் மண். அதற்குப் பல்லாயிரம் ஆண்டு பிடிக்கும். மத்தியதரைக் கடலோர நாடுகளில் ‘தெரா ரோசா’ என்று சொல்லும் சிவந்த மண்ணும் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம்தான்.

கல் சமமாகக் கரைவதில்லை. வெடிப்பு உள்ள இடத்தில் தண்ணீர் கூடப் போகும், அங்கே குழி விழும். வெடிப்பில்லாத இடம் முட்டாக நிற்கும். அதனால் மேலே தட்டையாகத் தெரியும் காணிக்கு அடியில் பல்லுப்பல்லாகக் கல் நிற்கிறது. ஓர் இடத்தில் நாலு விரல் மண், மூன்று அடி தள்ளி இடுப்பளவு மண். “ஒரு சாணில் கல்” என்று நீங்கள் சொன்னது வெட்டிப் பார்த்த இடத்துக்கு மட்டுமே உண்மை.

புல் மாசியில் காய்வதற்கு மழைக்குறைவு காரணமில்லை. குடாநாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் மழை, பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை. ஆனால் மண் பிடித்து வைக்கக்கூடியது எவ்வளவு? இந்த மண், வேர் உறிஞ்சக்கூடிய தண்ணீரைத் தன் கனவளவில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு வைத்திருக்கும் என்று கணக்கிடுங்கள். 20 சென்ரிமீற்றர் மண் என்றால் 24 மில்லிமீற்றர். ஒரு பரப்புக்கு (253 சதுர மீற்றர்) ஏறத்தாழ 6,000 லீற்றர். வெயில் நாளில் புல்லும் நிலமும் சேர்ந்து நாளுக்கு 5 மில்லிமீற்றர் இழக்கும். ஐந்து நாளில் கணக்கு முடிந்தது. 60 சென்ரிமீற்றர் மண் உள்ள இடத்தில் அதே புல் இரண்டு கிழமை தாங்கும். மிச்ச மழை எல்லாம் வெடிப்பு வழியே கீழே போய்க் கிணற்றுக்குச் சேருகிறது. அது நட்டமில்லை, ஆனால் புல்லுக்கு எட்டாது. எனவே இந்தக் காணியில் எது வளரும், எத்தனை ஆடு தாங்கும், எங்கே மரம் வைக்கலாம் என்பதை எல்லாம் முடிவுசெய்வது மண்ணின் ஆழந்தான். பசளை அதற்குப் பின்தான்.

ஆகவே முதல் வேலை ஆழம் பார்ப்பது. கட்டட வேலைக்கு எடுக்கும் 12 மில்லிமீற்றர் கம்பி நாலு அடி வாங்கி, ஒரு நுனியைக் கூராக்கி, மற்ற நுனியில் பிடிக்கக் குறுக்குக் கம்பி ஒட்டுவியுங்கள். பத்துப் பத்துச் சென்ரிமீற்றருக்கு அரத்தால் ஒரு கீறல். நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழிய, ஐந்து மீற்றருக்கு ஒரு குத்து என்று காணி முழுக்கக் குத்துங்கள். ஒரு ஏக்கருக்கு 160 குத்து வரும், இரண்டு பேருக்கு ஒருநாள் வேலை. கோடையில் செய்யாதீர்கள்: காய்ந்த செம்மண் கம்பியை ஏமாற்றும், மண் இறுகி நிற்பதைக் கல் என்று எழுதிவிடுவீர்கள்.

கம்பி நின்றதும் அவசரப்பட்டுக் குறிக்க வேண்டாம். கையில் ‘கிண்’ என்று திருப்பி அடித்தால் தாய்க்கல், அதாவது அடிப்பாறை. மந்தமாக உரசி, கொஞ்சம் அசைந்து கொடுத்தால் புதைந்து கிடக்கும் தனிக்கல். ஒரு சாண் தள்ளி மறுபடி குத்துங்கள். இழுத்து நுனியைப் பாருங்கள். செஞ்சேற்றுக்கு மேல் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் சந்தேகமில்லை. அளவைக் கடதாசியில் குறித்து மூன்றாகப் பிரியுங்கள்: 15 சென்ரிமீற்றருக்குக் குறைந்தது, 15 முதல் 45 வரை, 45க்கு மேல். காணி ஒன்றாக இருந்தாலும் இனி உங்களிடம் இருப்பது மூன்று காணி.

அதே நாளில் இன்னொன்று. ஒவ்வொரு வகையிலிருந்தும் ஒரு பிடி மண் எடுத்து, மேல்மண் வேறு அடிமண் வேறாக, தேசிக்காய்ப் புளி விடுங்கள். கிட்டக் குனிந்தால் இரைச்சல் கேட்கும், சிறு குமிழ் வரும். அடிமண் மட்டும் குமிழ்த்தால் மேல்மண்ணில் சுண்ணாம்பு கழுவுண்டு போயிருக்கிறது, நல்லது. மேல்மண்ணே நுரைத்தால் கல்பொடி கலந்திருக்கிறது. யாரோ முன்பு உழுது கிளறியிருக்கலாம், அல்லது பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சாந்து. பற்றரி அசிட் விட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. அது கல்லின்மேல் ஜிப்சப் படலம் கட்டிக் குமிழை நிறுத்திவிடும், கையையும் சுடும். தேசிக்காய் போதும்.

இனி ஜேசிபி. அது செய்வது இதுதான்: முட்டாக நிற்கும் இடத்தின் மண்ணை வழித்துக் குழிக்குள் தள்ளும். மெல்லிய மண் இருந்த இடம் வெறுங்கல்லாகும். ஆழமண் இருந்த இடத்தில் அதன் மேல்மண் புதைந்து, மேலே உடைந்த கல்லும் வெள்ளைப்பொடியும் வரும். கூடவே அத்தனை பாரமான வண்டி ஈரமண்ணில் ஓடினால் ஆழமண்ணும் இறுகும். மேலே செம்மண் பறிக்கலாம் என்றால் கணக்கைப் பாருங்கள்: ஒரு பரப்பில் பத்துச் சென்ரிமீற்றர் உயர்த்த 25 கன மீற்றர், கிட்டத்தட்ட 9 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). பதினாறு பரப்புக்கு 143 கியூப். அந்த மண்ணும் உரும்பிராயிலோ ஏழாலையிலோ இன்னொருவரின் தோட்டத்தை உரித்துத்தான் வரும். பத்து ஆட்டுக்காக அதைச் செய்வது எந்த வகையிலும் சரிவராது. முன்னைய கமக்காரர் அலவாங்கால் கல் கிளப்பி, வண்டிலில் மண் ஏற்றிக் கலட்டியைத் தோட்டமாக்கினார்கள் என்பது உண்மை. அவர்கள் அதைச் செய்தது இரண்டு மூன்று பரப்பில், புகையிலைக்கு, வருடாவருடம் குழையும் பழைய பனையோலையும் தாழ்த்தி. மேய்ச்சலுக்கு யாரும் செய்யவில்லை.

கல் பொறுக்குவதிலும் நிதானம் வேண்டும். கால் இடறும் பெரிய கல்லை எடுத்து, சரிவுக்குக் குறுக்கே ஒரு அடி உயரத்தில் சாந்தில்லாமல் கல்வரம்பாக அடுக்குங்கள். நெடுந்தீவில் காணிக்குக் காணி நிற்கும் முருகைக்கல் மதில்கள் போல உயரம் தேவையில்லை. எங்கள் காணிகளில் சரிவு கண்ணுக்குத் தெரியாது. மேசன்மார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்த்து ஒரே மட்டத்தில் வரம்பைக் கொண்டுபோங்கள். வரம்பு கோணினால் தண்ணீர் பள்ளமான நுனிக்கு ஓடி அங்கே அறுத்துக்கொண்டு போகும். சின்னக் கல்லை நிலத்தில் விடுங்கள். மழைத்துளி நேரே மண்ணில் அடிக்காமல் தடுப்பதும், சோளகக் காற்று ஈரத்தை உறிஞ்சாமல் மூடுவதும் அவைதான். துடைத்தெடுத்த செம்மண் முதல் மழையிலேயே மேலே பொருக்குக் கட்டி, அடுத்த மழையைக் கீழே விடாமல் ஓடவிடும்.

எத்தனை ஆடு? இதை யாரிடமும் கேட்கத் தேவையில்லை, தராசிடம் கேட்கலாம். தை நடுவில், ஆடு வாய் வைக்காத இடத்தில், ஒரு மீற்றர் சதுரம் கயிறு கட்டி, ஆடு தின்னக்கூடிய புல்லை மட்டும் நிலத்தோடு அரிந்து, வெயிலில் சருகாகும்வரை காயவைத்து நிறுங்கள். மூன்று வகை மண்ணிலும் மூன்று மூன்று இடம். சராசரி 150 கிராம் வந்தது என்று வைப்போம். ஒரு ஏக்கருக்கு அது 600 கிலோ. அதில் பாதியைத் தொடக்கூடாது. அந்தப் பாதிதான் வேரையும் மண்ணையும் காக்கும். 300 கிலோ மிஞ்சும். 30 கிலோ எடையுள்ள ஓர் ஆடு நாளுக்கு ஒரு கிலோ காய்ந்த தீனி தின்னும். ஆக, 300 ஆட்டுநாள்: பத்து ஆட்டுக்கு ஒரு மாதம், இரண்டு ஆட்டுக்கு ஐந்து மாதம். உங்கள் அளவு வேறாக வரலாம், கணக்கு முறை இதுதான். பத்து ஆட்டை ஆண்டு முழுக்கப் புல்லில் மட்டும் வைத்திருக்க இந்தக் காணியால் முடியாது என்பது மட்டும் எந்த அளவிலும் மாறாது. மிச்சத்தைக் குழைதான் தரவேண்டும்.

மேய விடும் காலமும் முக்கியம். முதல் மழைக்குத் துளிர்க்கும் புல் வேரில் சேமித்ததைச் செலவழித்துத்தான் எழும்புகிறது. அப்போது கடித்தால் எழும்பாது. ஐப்பசியிலிருந்து ஆறு கிழமை ஆட்டைக் கொட்டிலில் வைத்துக் குழை போடுங்கள். புல் ஒரு சாண் வந்தபின் காணியை நாலாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு கிழமை, பிறகு மூன்று கிழமை ஓய்வு. நாலு விரல் உயரம் மிஞ்சும்போது அடுத்த துண்டுக்கு மாற்றிவிடுங்கள். மழை ஊறிக்கிடக்கும் நாளில் விடவே வேண்டாம்; குளம்பு மிதித்து இறுகிய மெல்லிய மண்ணை மீண்டும் நெகிழவைக்க அங்கே உழவு கிடையாது. ஒரே இடத்தில் கயிற்றில் கட்டுவது எல்லாவற்றிலும் மோசம்: வட்டமாக மொட்டையாகும், அதற்குள் முதலில் முளைப்பது எருக்கலையும் பார்த்தீனியமும். பார்த்தீனியத்தைப் பூக்க முன், ஈரமண்ணில், கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். பூத்ததைப் பிடுங்கி வேலியோரம் எறிந்தால் விதைத்ததாகத்தான் கணக்கு. பால் கறக்கும் மறி அதைத் தின்றால் பாலில் கசப்பு ஏறும்.

என்ன புல் போடலாம்? சீஓ-3 போன்ற நேப்பியர்ப் புல்லுக்கு எல்லோரும் ஆசைப்படுவார்கள். அது 45 சென்ரிமீற்றருக்கு மேல் மண்ணும் இறைப்பும் உள்ள துண்டில் மட்டும். நடுத்தர ஆழத்துக்குக் கொழுக்கட்டைப்புல் பொருத்தம்; சுண்ணாம்பை வெறுக்காத புல் அது. ஒரு பரப்புக்கு 150 முதல் 200 கிராம் விதை. விதை பஞ்சுபோல் பறக்கும், மணலோடு கலந்து விதையுங்கள். புது விதை உறங்கும், ஆறு மாதமாவது பழகியதை வாங்குங்கள். ஒரு சென்ரிமீற்றருக்குக் கீழே புதைந்தால் முளைக்காது, ஆகவே ஓலையை இழுத்து மூடினால் போதும். 15 சென்ரிமீற்றருக்குக் குறைந்த இடத்தில் எதையும் விதைக்காதீர்கள். அங்கே தானாக நிற்கும் அறுகை மிஞ்ச எதுவும் இல்லை.

குழைதான் இந்த நிலத்தின் உண்மையான மேய்ச்சல். புல்லின் வேர் மண்ணோடு நிற்கும், மரத்தின் வேர் கல்வெடிப்புக்குள் போகும். அதனால்தான் பங்குனி வெயிலில் புல் சருகாகக் கிடக்கும்போதும் வேலிப் பூவரசு பச்சையாக நிற்கிறது. கம்பிவேலி அடிக்கும் காசில் சுற்றிவரக் கதிகால் நடுங்கள்: பூவரசு, சீமைக்கிளுவை, முள்முருக்கு, இடையிடையே இப்பிலிப்பில். இப்பிலிப்பில் சுண்ணாம்பு மண்ணில் நன்றாகவே வரும், ஆனால் அதில் மிமோசின் என்ற நஞ்சு உண்டு. தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் மயிர் கொட்டும். ஒரு ஏக்கர்க் காணியைச் சுற்றி ஏறத்தாழ 250 மீற்றர் வேலி, ஒன்றரை அடிக்கு ஒரு கதிகால் என்றால் ஐந்நூற்றுச் சொச்சம். கொக்கத்தடியால் முறைவைத்து, ஒரு மரத்துக்கு இரண்டு மூன்று மாத இடைவெளி விட்டு வெட்டுங்கள். மாரி முடியும்போது எல்லாவற்றையும் மொட்டையடித்தால் கோடைக்கு ஒன்றும் இருக்காது.

பசளை பற்றி. இந்த மண்ணின் காரஅமிலச் சுட்டி (pH) கல்லுக்குக் கிட்ட 8 வரை போகும். அதனால் மூன்று விடயங்கள் நடக்கும். யூரியாவை மேலே தூவினால் அமோனியாவாகப் பறந்துவிடும், மூக்கிலேயே தெரியும். இரண்டு அங்குலம் புதைத்து உடனே தண்ணீர் விடவேண்டும். பொசுபரசு சுண்ணாம்போடு சேர்ந்து கல்லாகும். எப்பாவலப் பாறைப் பொசுபேற்று அமிலமண்ணில்தான் கரையும், இங்கே போடுவது மண்ணுக்குள் மண் போடுவதுதான். டீஎஸ்பி (TSP) என்ற பொசுபரசுப் பசளையைச் சாணியோடு கலந்து வேரோரம் கோடாகப் போட்டால் ஓரளவு பயன். இரும்பும் நாகமும் (சிங்க்) மண்ணில் இருந்தும் செடிக்குக் கிடையாது. மேய்ச்சல் துண்டுக்கு இவை எதையும் வாங்க வேண்டாம். கொட்டில் எருவைப் பரவினால் போதும், அல்லது இரவில் ஆட்டைப் பட்டியாக அடைத்து நாலு நாளுக்கு ஒருமுறை பட்டியை நகர்த்துங்கள். சுண்ணாம்போ டொலமைற்றோ போடச் சொன்னால், சொன்னவர் வேறு ஊர் மண்ணை நினைத்துச் சொல்கிறார்.

தேசி மஞ்சளடிப்பதும் இதனால்தான். இளம் இலையில் நரம்பு பச்சையாக நிற்க, நரம்புக்கிடை மஞ்சளாகும். அது இரும்புக் குறை. பழைய இலை முழுக்க மஞ்சளானால் அது நைதரசன், வேறு கதை. கந்தகம் போட்டு மண்ணை மாற்றலாம் என்பார்கள். ஒரு பரப்பில் 20 சென்ரிமீற்றர் மண் 66 தொன் வரும். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பைத் தீர்க்கவே 210 கிலோ கந்தகம் வேண்டும், அடியில் கல்லோ முடிவில்லாமல் கிடக்கிறது. இரும்புச் சல்பேற்றை மண்ணில் போட்டால் சில நாளில் துருவாகிப் பயனற்றுப் போகும். லீற்றருக்கு 5 கிராம், சில துளி தேசிப்புளியோடு, பின்னேர வெயிலில் துளிரில் தெளித்தால் பச்சை திரும்பும். வரும் ஒவ்வொரு துளிருக்கும் திரும்பத் தெளிக்க வேண்டும். மண்ணில்தான் இடுவேன் என்றால் இரும்பைக் கட்டிவைக்கும் ஈடிடிஎச்ஏ (EDDHA) வகை மட்டும் இந்தக் காரத்தில் நிற்கும், மலிவான ஈடிடிஏ (EDTA) நிற்காது. இதெல்லாம் வேண்டாம் என்றால் தேசியின் இடத்தில் விளாத்தியோ மாதுளையோ முருங்கையோ வையுங்கள்.

எந்த மரமானாலும் கம்பி ஆழமாகப் போன இடத்தில் வையுங்கள். மூன்று அடிக் குழி வெட்டி, நாலு வாளி தண்ணீர் ஊற்றி விடியப் பாருங்கள். தண்ணீர் நின்றால் அது குழியில்லை, கல்லால் செய்த சட்டி. அலவாங்கால் அடிக்கல்லில் வெடிப்புக் காணும்வரை உடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மாரியில் வேர் அழுகும். உடைத்த கல்லைத் திரும்பக் குழிக்குள் போடாதீர்கள். பனை வைப்பதென்றால் கொட்டை முதலில் கிழங்கைக் கீழே இறக்கும், ஒன்றரை அடி மண் இல்லாவிட்டால் கிழங்கு வளைந்து நின்றுவிடும்.

கடைசியாகக் கிணறு. ஆழமாக்க வேண்டாம். குடாநாட்டின் நல்ல தண்ணீர் கடல் தண்ணீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே நாற்பது அடி இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடி இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உவர் நாற்பது அடி ஏறும். ஆழம் வெட்டுவது நீங்களே போய் அதைச் சந்திப்பது. தண்ணீர் காணாவிட்டால் அகலப்படுத்துங்கள், அல்லது ஒரே மூச்சில் இறைக்காமல் காலை கொஞ்சம், பின்னேரம் கொஞ்சமாக இறையுங்கள். ஆட்டுக்கு நாளுக்கு ஐந்தாறு லீற்றர்தான், பத்து ஆட்டுக்கு அது பெரிய இறைப்பில்லை. பயப்பட வேண்டியது எருக்கும்பிக்கு. மெல்லிய மண் எதையும் வடிக்காது. கொட்டில் மூத்திரமும் எருச்சாறும் வெடிப்பு வழியே நேரே கிணற்றுக்குள் நைத்திரேற்றாக இறங்கும். குடிதண்ணீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, கைக்குழந்தைக்கு ஆபத்து. கொதிக்கவைத்தால் குறையாது, தண்ணீர் வற்றக் கூடத்தான் செய்யும். வழக்கமாகச் சொல்லும் 50 அடி இடைவெளி வெடிப்புக்கல்லில் காவலில்லை. கொட்டிலையும் எருவையும் காணியின் மறுகரையில், கம்பி 45க்கு மேல் போன துண்டில் வையுங்கள்; எருக்குழியின் அடிக்கு சீமெந்து பூசி, மாரிக்கு மேலே கிடுகாவது போடுங்கள்.